விமானப் பணியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி எதற்கு? வடசென்னை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஞாயிறுதோறும் முதலுதவி வகுப்பு நடத்தி வருகிறேன். சில ஆண்டுகளாக ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து விமானப் பணிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் அதிகம் வருகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு பெற்றோரும் வந்து, வகுப்பு முடியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, படியிறங்கும்போது என்னை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கிற வேலைக்கு முதலுதவி எதற்கு?

இந்த வேலைக்குப் பெண்கள் வந்ததே செவிலியர்களாகத்தான். 1930 மே 15 அன்று அமெரிக்காவில் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் விமானத்தில் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஏறிய எல்லன் சர்ச் பதிவு பெற்ற செவிலியர். விமானம் ஓட்டக் கற்றிருந்த அவர் விமானியாகவே விரும்பினார். அந்த வாய்ப்பு கிடைக்காததால், பயணிகளைக் கவனிக்கச் செவிலியர்களை ஏற்றலாம் என்று யோசனை சொன்னார். அந்நிறுவனம் அவரையும் சேர்த்து எட்டுச் செவிலியர்களை வேலைக்கு எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் செவிலியர்கள் போர்முனைக்குத் தேவைப்பட்டபோதுதான் அந்தத் தகுதி கைவிடப்பட்டது.

இன்றைக்கும் ஐம்பது இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கு பாதுகாப்புக்காகப் போடப்பட்டது. 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் நான்கு பேர் இருந்தாக வேண்டும். விமானத்தில் ஒரு வாய் சாப்பாடுகூடக் கொடுக்காவிட்டாலும் அந்த நான்கு பேர் இல்லாமல் அது கிளம்ப முடியாது. உபசரிப்பு என்பது, வேறு ஆபத்து எதுவும் நேராத நேரத்தில் அவர்கள் செய்யும் வேலை. இதைச் சொன்னால் பெற்றோர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. பிள்ளைகளுக்கோ கொஞ்சம் கலக்கம் வருகிறது. இரண்டும் நியாயமே.

தரையில் செய்யும் முதலுதவிக்கும் விமானத்தில் செய்யும் முதலுதவிக்கும் என்ன வேறுபாடு?

காசிமேட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் யாராவது 108-க்கு அழைப்பார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. விம்கோ நகர் மெட்ரோவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அடுத்த நிலையம் இரண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிடும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் செல்லும் விமானம் சுமார் இரண்டு மணி நேரமும் வங்கக் கடலுக்கு மேலேயே போகிறது. நடுவழியில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் திரும்பி வருவதற்கும் முன்னே போவதற்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகும். தரையில் முதலுதவி என்பது ஆம்புலன்ஸ் வரும்வரை தாக்குப்பிடிக்கச் செய்வது. வானத்தில் அந்தத் தாக்குப்பிடிப்பு ஒரு மணி நேரமாகவும் நீளலாம்.

அடுத்தது காற்று. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. 8,000 அடி என்பது ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம், தொட்டபெட்டா சிகரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. நலமாக இருப்பவருக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் நுரையீரல் நோயும் இதய நோயும் இரத்தசோகையும் உள்ளவர்கள், திருவொற்றியூரில் கடல் மட்டத்தில் இருந்துவிட்டு அரை மணி நேரத்தில் மலையுச்சிக்கு ஏறியவர்களாகிவிடுகிறார்கள். அதே காரணத்தால் உடலுக்குள் இருக்கும் வாயுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. வயிறு உப்புவதும் காது அடைப்பதும் அதனால்தான். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் மருத்துவரைக் கேட்காமல் பறக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

மூன்றாவதாக இடம். எங்கள் வகுப்பில் பிளாஸ்டிக் நாற்காலிகளை மும்மூன்றாக இருபுறமும் அடுக்கி, நடுவில் ஒன்றரை அடி மட்டும் விட்டு, நான்காவது வரிசை ஜன்னலோரத்தில் எண்பது கிலோ எடையுள்ள ஒருவரை மயங்கியவர்போல உட்கார வைப்பேன். அவரை வெளியே எடுத்துத் தரையில் கிடத்துவதற்கு முதல் முறை எல்லோரும் திணறுவார்கள்; நாற்காலிகள் சரியும், ஒருவர் கையை இன்னொருவர் மிதிப்பார். அக்குளுக்கு அடியில் கைகொடுத்து ஒருவரும் முழங்காலுக்கு அடியில் ஒருவருமாகத் தூக்கி, சமையலறையை ஒட்டிய கதவோரத் தரைக்குக் கொண்டுபோவதை மூன்றாவது, நான்காவது முறையில்தான் சரியாகச் செய்வார்கள். புத்தகத்தில் இது ஒரே வரி.

பெரும்பாலும் என்னென்ன நேர்கின்றன?

பிரசவமும் மாரடைப்பும்தான் எல்லோர் மனத்திலும் இருக்கின்றன. உண்மையில் மிகுதியாக நேர்வது சாதாரண மயக்கம். 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வு, 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களில் நேர்ந்த 11,920 மருத்துவ அவசரங்களைப் பார்த்தது. ஏறத்தாழ 604 பயணங்களுக்கு ஒன்று என்ற அளவில் அவை நேர்ந்தன. மயக்கமோ மயங்கும் நிலையோ 37 விழுக்காட்டுக்கு மேல். அடுத்து மூச்சுத் தொல்லை, அதற்கடுத்து வாந்தி, குமட்டல். இறப்பு 0.3 விழுக்காடு மட்டுமே.

மயக்கம் வந்தவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பார். நம் ஊர் வழக்கப்படி சுற்றி நின்று நிமிர்த்தி உட்காரவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றினால் மூளைக்கு இரத்தம் போவது தாமதமாகும், தண்ணீர் மூச்சுக்குழலுக்குள்ளும் போகும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளைகுடா விமானங்களில் இது சகஜம். விடியற்காலை விமானம்; வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பியவர், விமானம் தாமதமானதால் சாப்பிடாமலே ஏறியிருப்பார். சட்டை வேர்வையில் நனைந்திருக்கும், கை நடுங்கும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், சில நேரம் எரிந்து விழுவார். குடித்திருக்கிறார் என்று பக்கத்து இருக்கைக்காரர் புகார் சொல்வார். பயிற்சி பெற்ற பணியாளர் அவர் வேர்வையைப் பார்ப்பார், சர்க்கரை நோய் உண்டா என்று கேட்பார், விழுங்கும் நிலையில் இருந்தால் தேநீருக்கு வைத்திருக்கும் சர்க்கரையில் 15 கிராம் அளவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார். கால் மணி நேரத்தில் மனிதர் தெளிந்துவிடுவார். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

நெஞ்சு வலி என்று சொன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? ஆங்கிலம் நன்றாக வராத பிள்ளைகளுக்கு இது முடியுமா?

ஆங்கிலம் வேலைக்குத் தேவை, கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒரு இடத்தில் தமிழ் பேசும் பணியாளருக்கு நிகர் யாருமில்லை என்பது என் கருத்து. சிங்கப்பூருக்கு மகளைப் பார்க்கப் போகும் அறுபத்தைந்து வயது அம்மா, “மாரு கரிக்குது”, “ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது”, “தோள்பட்டையிலே வாயு பிடிச்சிருக்கு” என்றுதான் சொல்வார். கரிப்பது வேறு, அடைப்பது வேறு, குத்துவது வேறு, படபடப்பது வேறு. இந்தச் சொற்களின் இடைவெளியைப் பிறமொழிக்காரர் ஒருவர் பிடித்துவிட முடியாது.

இவற்றில் ஆபத்தான சொல் ‘வாயு’. நம் வீடுகளில் நெஞ்சு வலிக்கு முதல் விளக்கம் வாயுதான். சோடா குடித்துவிட்டு, பூண்டைச் சுட்டுத் தின்றுவிட்டு, மாரடைப்போடு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமானத்தில் உண்மையாகவே வயிற்று வாயு விரிவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. எனவே வாயு என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாமல், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வேர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்கச் சொல்லித் தருகிறேன். அந்த விடைகளை விமானிக்கும் தரையிலிருக்கும் மருத்துவருக்கும் ஆங்கிலத்தில் சொல்ல நான்கைந்து வாக்கியங்கள் போதும்.

இதயம் நின்றுவிட்டால்?

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, இயல்பான மூச்சு இல்லை என்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். விட்டு விட்டு வாயைத் திறந்து இழுப்பதை மூச்சு என்று எண்ணிக் காத்திருந்துவிடுகிறார்கள். அது மூச்சு ஆகாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சு ஊதுதல். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் எவ்வளவு பலசாலிக்கும் ஆழம் குறைந்துவிடும். எங்கள் வகுப்பில் குத்துச்சண்டை பயில்கிற வியாசர்பாடிப் பையனுக்கும் அப்படித்தான் குறைந்தது.

வகுப்பில் நாங்கள் கண்டுகொண்ட ஒரு சிறு விஷயம்: தமிழில் முப்பதுவரை நேராக எண்ணினால் தாளம் கெடுகிறது. ‘ஒண்ணு, ரெண்டு’ என்று வேகமாகப் போகும் கை, ‘இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு’ என்ற நீளமான சொற்கள் வந்ததும் தானாக மெதுவாகிறது. ஆகவே ஒன்றிலிருந்து பத்துவரை மூன்று முறை எண்ணச் சொல்கிறேன். மேசையில் விரல் தட்டிக் கானா பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த வேகம் சீக்கிரம் பிடிபடுகிறது.

நடைபாதையின் குறுகலில் பக்கவாட்டில் மண்டியிட இடமில்லாதபோது, தலைமாட்டில் மண்டியிட்டு முன்னே குனிந்து அழுத்தும் முறையும் உண்டு. அதையும் பொம்மையில் பழக்குகிறோம். ஏ.இ.டி. எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவி இருந்தால் ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதை எடுத்து வர வேண்டும். சீரற்றுத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், மார்பும் அழுத்தப்படாத நிலையில், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமானங்களில் 2004 முதல் இந்தக் கருவி கட்டாயம். அது பேசும், எப்போது ஒதுங்க வேண்டும், எப்போது பொத்தானை அழுத்த வேண்டும் என்று அதுவே சொல்லும். சொல்வதைக் கேட்கும் நிதானம் மட்டும் நமக்கு வேண்டும்.

விமானத்தில் யாராவது டாக்டர் இருப்பாரே?

இருக்கலாம். மேலே சொன்ன ஆய்வில் 48 விழுக்காட்டு நிகழ்வுகளில் பயணியாக வந்த மருத்துவர் உதவினார். மீதியில் செவிலியரோ வேறு மருத்துவப் பணியாளரோ உதவியதும் உண்டு, பணியாளர்களே பார்த்துக்கொண்டதும் உண்டு. வந்தவர் தோல் மருத்துவராகவோ பல் மருத்துவராகவோ இருக்கலாம். அவருக்கும் அந்த விமானத்தில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

1995-இல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் போன விமானத்தில் ஒரு பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து உயிருக்கு ஆபத்தானது. பயணியாக வந்த அறுவை மருத்துவர் ஆங்கஸ் வாலஸ், சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, பிராந்தியால் சுத்தம் செய்து, அதைக்கொண்டு மார்புக்குள் குழாயைச் செலுத்திக் காப்பாற்றினார். இதைக் கேட்டதும் எல்லோரும் மருத்துவரை வியக்கிறார்கள். எனக்கு நினைவு வருவது, கேட்ட கணத்தில் கம்பியையும் பிராந்தியையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள்.

விமானத்தை உடனே இறக்கிவிட மாட்டார்களா?

முடிவெடுப்பவர் தலைமை விமானி. அவரே நேரில் வந்து நோயாளியைப் பார்க்க மாட்டார். பணியாளர் இன்டர்காமில் சொல்வதையும், வானொலி அல்லது செயற்கைக்கோள் தொடர்பில் தரையிலிருக்கும் மருத்துவர் சொல்வதையும் வைத்தே முடிவெடுக்கிறார். வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, எப்போது தொடங்கியது, என்ன மருந்து சாப்பிடுகிறார், இதுவரை என்ன செய்தோம் என்ற வரிசையில் அரை நிமிடத்தில் சொல்லப் பழக வேண்டும். “சார், ஒருத்தருக்கு ரொம்ப முடியலை” என்றால் விமானியால் எதுவும் செய்ய முடியாது. இறக்குவது என்று முடிவானாலும் 35,000 அடியிலிருந்து தரையைத் தொட இருபது நிமிடம், அரை மணி ஆகும். ஆய்வில் கண்ட நிகழ்வுகளில் வேறிடத்தில் இறக்கியவை 7.3 விழுக்காடு.

வலிப்பு வந்தால் சாவி கொடுக்கலாமா?

கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கேள்வி வருகிறது. இரும்பைப் பிடித்ததால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், அந்த நேரத்தில் கையில் சாவி இருந்துவிடுவதால் பெயர் அதற்குப் போகிறது. தலைக்கு அடியில் தலையணையோ போர்வையோ வைத்து, இடித்துக்கொள்ளும் பொருள்களை அகற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது பெரிய அவசரம். பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் வேண்டாம்.

சூடான தேநீர் கொட்டினால் பற்பசையும் வேண்டாம், இட்லி மாவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். குளிர்ந்த சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும். விமானத்தில் குடிதண்ணீர் பாட்டில்களைத்தான் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்ற வேண்டியிருக்கும்.

மேலேயிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடியை நோயாளிக்குக் கொடுக்கலாமே?

அது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது மட்டும் விழுவது. சில நிமிடங்களுக்குத்தான் வரும். நோயாளிக்குத் தனிச் சிலிண்டர்கள் உண்டு. அழுத்தம் குறைந்தால் பணியாளர் முதலில் தன் முகமூடியை அணிவது தன்னலம் இல்லையா என்று ஒரு தாயார் கேட்டார். 35,000 அடியில் ஒருவர் தெளிவாகச் செயல்பட ஏறக்குறைய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரைதான் கிடைக்கும். அதற்குள் தானே மயங்கிவிட்டால் யாருக்கு உதவுவார்?

கடும் காற்றுக் குலுக்கலிலும் இதே கணக்குதான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடுமையாகக் குலுங்கி, பாங்காக்கில் இறக்கப்பட்டது. ஒரு பயணி இறந்தார்; காயமடைந்தவர்களில் பணியாளர்களும் இருந்தார்கள். அடிபட்ட பணியாளரே அடிபட்ட பயணியைக் கவனிக்க வேண்டி வருவது இந்த வேலையில் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இங்கே மாற்று ஆள் வர வழியில்லை.

பெண் பிள்ளை, முன்பின் தெரியாத ஆண்களைத் தொட்டு இதெல்லாம் செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும். பையன்களும் பெண் பயணிகளுக்குச் செய்ய வேண்டும். இந்தக் கூச்சத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று நினைக்கிறேன், ஏ.இ.டி. பட்டையை ஒட்ட மேல்சட்டையை விலக்க வேண்டும், அந்த இடத்தில் கை தயங்கினால் ஒரு நிமிடம் போய்விடும். போர்வையைத் திரையாகப் பிடிப்பது, சுற்றியிருப்பவர்களை விலக்குவது, “உங்களுக்கு உதவி செய்யப் போகிறேன்மா” என்று சொல்லிவிட்டுத் தொடுவது ஆகியவற்றையும் பயிற்சியில் சேர்த்தே கற்றுத் தருகிறோம். ரோஜாப்பூ பார்டர் போட்ட சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு இதைக் கேட்ட அந்த அம்மாவையே அடுத்த வாரம் பொம்மைக்கு முன்னால் மண்டியிட வைத்தேன். மகளைவிட நன்றாக அழுத்தினார்.

தவறு நேர்ந்தால் சட்டச் சிக்கல் வருமா?

சாலை விபத்தில் உதவும் பொதுமக்களுக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அது சாலைக்கு உரியது. விமானத்தில் உதவும் மருத்துவர்களுக்காக அமெரிக்காவில் 1998-இல் தனிச் சட்டம் வந்தது. பணியாளருக்கு இது கடமை. பயிற்சியில் சொன்னதைச் செய்வது, சொல்லாததைச் செய்யாமலிருப்பது, நேரத்தோடு எழுதி வைப்பது ஆகிய மூன்றும் அவருக்குக் காப்பு. ஊசி மருந்துகள் உள்ள பெட்டி, மருத்துவருக்கோ தகுதி பெற்றவருக்கோ உரியது.

உங்களிடம் சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா? ஒருமுறை படித்தால் போதாதா?

கிடைக்காது. வேலைக்கு எடுக்கும் விமான நிறுவனம் தன் பயிற்சியைத் தானே முழுதாகக் கொடுத்துத் தேர்வு வைக்கும். வெளிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. முதலுதவிச் சான்றிதழ் இருந்தால் வேலை நிச்சயம் என்று பெருந்தொகை கேட்பவர்களிடம் பணம் கட்டிவிட்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நகையை அடகு வைத்துக் கட்ட வேண்டிய படிப்பு இல்லை இது.

வேலையில் சேர்ந்தபின்னும் மறுபயிற்சி திரும்பத் திரும்ப உண்டு. எங்கள் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களை ஆறு மாதம் கழித்து அழைத்துப் பொம்மை முன்னால் நிறுத்தினால், விதி எல்லாம் ஒப்பிக்கிறார்கள், கை மட்டும் மார்பெலும்பிலிருந்து இரண்டு விரல் விலகி விழுகிறது.

வகுப்புக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

தரையில் மண்டியிட வசதியான உடை போட்டு வரவும். நகத்தை வெட்டிவிட்டு வரவும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும், ஏனென்றால் சென்ற மாதம் ஒரு பெண் வெறும் வயிற்றோடு வந்து வகுப்பிலேயே மயங்கினாள். நான் எழுந்து வருவதற்குள் மற்ற பிள்ளைகள் அவளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.